கொழுப்பு எங்கே இருக்கிறது? சிறுநீரகப் புற்றுநோயும் தொப்பையும் பற்றி எளிதாக

"உடல் பருமன் இருந்தால் சிறுநீரகப் புற்றுநோய் வரும்" என்று ஒரு செய்தி. கொஞ்ச நாள் கழித்து, "சிறுநீரகப் புற்றுநோய் வந்தவர்களில் பருமனாக இருப்பவர்கள்தான் அதிக நாள் வாழ்கிறார்கள்" என்று இன்னொரு செய்தி. இரண்டையும் படித்தவர் "இந்த ஆராய்ச்சிக்காரர்களே இப்படித்தான், மாற்றி மாற்றிச் சொல்வார்கள்" என்று கையை உதறிவிடுகிறார், இல்லையென்றால் தனக்கு வசதியான செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு நாலு பேருக்கு அனுப்பிவைக்கிறார். வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே பொய் இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள், அவ்வளவுதான். அதோடு இரண்டு செய்தியிலும் "பருமன்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நான்கு விதமான உடம்புகளைப் போட்டு அடைத்துவிடுகிறார்கள்.

எடை எவ்வளவு என்பதைவிட கொழுப்பு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும். மீதிப் பாதி ஆராய்ச்சியாளர்களுக்கே இன்னும் தெளியவில்லை, அதையும் மறைக்காமல் பார்க்கலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று: இங்கே கொழுப்பு என்று சொல்வது ரத்தப் பரிசோதனையில் வரும் கொலஸ்ட்ராலை அல்ல. உடம்பில் சதையாகத் தெரிகிற, கிள்ளினால் கைக்கு வருகிற (சில இடங்களில் கைக்கே வராத) அந்தக் கொழுப்பை.

## வருவது வேறு, வந்தபின் நடப்பது வேறு

ஒரு வீட்டில் மின்கம்பிகள் பழசு, திரைச்சீலையும் பஞ்சு மெத்தையும் நிறைய. அங்கே தீப்பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பிடித்த தீ எவ்வளவு பரவும், எத்தனை பேர் தப்புவார்கள் என்பது வேறு கணக்கு. யார் முதலில் புகையைப் பார்த்தார்கள், தண்ணீர் பக்கத்தில் இருந்ததா, கதவு திறந்திருந்ததா என்றெல்லாம் அது போகும்.

புற்றுநோயிலும் அப்படித்தான். நோய் வரும் வாய்ப்பை ஆபத்து என்கிறார்கள். வந்தபின் எவ்வளவு காலம் எப்படி வாழ்கிறார் என்பதை விளைவு என்கிறார்கள். ஆபத்தைப் பொறுத்தவரை விவாதமே கிடையாது: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002இலேயே உடல் பருமனையும் சிறுநீரகப் புற்றுநோயையும் தொடர்புபடுத்திவிட்டது, 2016இல் பருமனோடு தொடர்புள்ள 13 புற்றுநோய்களைப் பட்டியலிட்டபோதும் சிறுநீரகம் அதில் இருந்தது. புகைப்பழக்கமும் உயர் ரத்த அழுத்தமும் இதே வரிசையில் வரும். குழப்பமெல்லாம் விளைவு என்கிற இரண்டாவது கேள்வியில்தான்.

## எடைக் கருவிக்குக் கண் கிடையாது

பெரும்பாலான ஆய்வுகள் பருமனை பிஎம்ஐ என்ற ஒரே எண்ணால் அளக்கின்றன. எடையை கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. இந்தச் சூத்திரத்தை 1830களில் யோசித்தவர் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணிதக்காரர். அவர் டாக்டர் இல்லை, ஒரு மக்கள்கூட்டத்தின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். பிஎம்ஐ என்ற பெயர் 1972இல்தான் ஒட்டிக்கொண்டது. கூட்டத்துக்குப் போட்ட கணக்கை நாம் ஒவ்வொரு ஆளின் மேலும் வைத்துப் பார்க்கிறோம்.

175 செ.மீ. உயரமும் 85 கிலோ எடையும் உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஏறக்குறைய 27.8. ஒருவருக்குத் தோளிலும் தொடையிலும் தசை. இன்னொருவருக்குக் கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. எடைக் கருவிக்கு இருவரும் ஒன்றுதான். பஞ்சு மூட்டையா புத்தகப் பெட்டியா என்று அதற்குத் தெரியாது, பெட்டியை வீட்டில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியாது.

அது தெரிய வேண்டுமென்றால் சிடி ஸ்கேன் வேண்டும். சிறுநீரகப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்த கிட்டத்தட்ட எல்லோருக்கும் எப்படியும் வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்திருப்பார்கள், அதனால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது தானாக வந்து விழுந்த புதையல். ஸ்கேனில் ஒவ்வொரு பொருளுக்கும் அடர்த்திக்கேற்ப ஓர் எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கொழுப்புக்கு மைனஸ் 100க்கு அக்கம்பக்கம், தசைக்கு 50க்கு அருகில். இடுப்பு முதுகெலும்பின் மூன்றாவது எலும்பு மட்டத்தில் ஒரே ஒரு குறுக்குப் படத்தை எடுத்து, அதில் கொழுப்பு எண் வரும் இடங்களுக்கு ஒரு நிறமும் தசைக்கு ஒரு நிறமும் பூசி, எது எத்தனை சதுர செ.மீ. என்று கணினி சொல்லிவிடும்.

## மூன்று இடம், மூன்று குணம்

வீட்டில் சாமான் அதிகமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளிவாசல் பக்கத்து அறையில் அடுக்கினால் பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் வீட்டு வேலை எதுவும் நிற்காது. அதையே சமையலறைக்குள் அடுப்பைச் சுற்றி அடுக்கினால் நடக்க வழியிருக்காது, எண்ணெய் கொட்டும், பூச்சி வரும், மொத்த வீடும் திண்டாடும். சாமான் அதே சாமான்தான்.

தோலுக்கும் தசைக்கும் நடுவே இருப்பது தோலடிக் கொழுப்பு. தொடை, இடுப்பு, கை, வயிற்றின் மேற்பரப்பு என்று எங்கும் பரவியிருக்கும், விரலால் கிள்ளினால் கிடைக்கும். இதுதான் அந்த வாசல் அறைச் சாமான்.

வயிற்றுத் தசைக்கு உள்பக்கம், குடலையும் மற்ற உறுப்புகளையும் சுற்றி நிறைவது உள்ளுறுப்புக் கொழுப்பு. இதைக் கிள்ள முடியாது. கெட்டியான தொப்பை என்கிறோமே, தட்டினால் தளதளவென்று ஆடாமல் பானை மாதிரி நிற்குமே, அதில் பெரும்பகுதி இதுதான். ஒல்லியாகத் தெரிகிறவர்களுக்கும் இது நிறைய இருக்கலாம்.

மூன்றாவதை அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சிறுநீரகம் எல்லோருக்குமே ஒரு கொழுப்பு மெத்தையின் நடுவில்தான் இருக்கிறது, ஒல்லியானவருக்கும் அப்படித்தான். அதிர்ச்சி தாங்குவதற்காக இயற்கை வைத்த பொதி. அதைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு, ஜெரோட்டா உறை என்று பெயர். உறைக்குள் சிறுநீரகத்தை ஒட்டி இருப்பதைச் சிறுநீரகச் சூழ் கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரகத்தில் கட்டி வந்தால் அதற்கு அடுத்த வீட்டுக்காரர் இந்தக் கொழுப்புதான்.

சரி, கொழுப்பு எங்கே இருந்தால் என்ன, சும்மா கிடக்கும் சேமிப்புதானே? ரொம்ப நாள் மருத்துவ உலகமும் அப்படித்தான் நினைத்தது. 1994இல் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தபோது அந்த எண்ணம் உடைந்தது, ஏனென்றால் லெப்டினைச் சுரப்பதே கொழுப்புச் செல்கள்தான். "இருப்பு போதுமான அளவு இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்லும் தூதுவன் அது. கொழுப்பு சுரக்கும் இன்னொரு ஹார்மோன் அடிப்போனெக்டின், இது இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய உதவும். பருமன் கூடும்போது லெப்டின் ஏறுகிறது, அடிப்போனெக்டின் இறங்குகிறது. உள்ளுறுப்புக் கொழுப்பு அளவுக்கு மீறி வீங்கும்போது அதற்குள் நோயெதிர்ப்புச் செல்கள் வந்து குவிந்து, அடங்காத ஒரு சின்ன அழற்சி வருடக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கிறது. அழற்சி என்றால் காயம் பட்ட இடம் சிவந்து வீங்குகிறதே அதே வேலைதான், இங்கே காயமே இல்லாமல் நடக்கிறது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போவதால் அங்கே சர்க்கரைக் கணக்கு கெட்டு ரத்தத்தில் இன்சுலின் ஏறுகிறது. "வளரு, பெருகு" என்று செல்களுக்குச் சொல்வதும் இன்சுலினின் வேலைகளில் ஒன்று, புற்றுநோய்ச் செல்லும் அந்தச் சொல்லைக் கேட்கும்.

இதுவரை வந்தது: ஆபத்தும் விளைவும் தனித்தனி. பிஎம்ஐ எடையைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. தோலடி, உள்ளுறுப்பு, சிறுநீரகச் சூழ் என்று மூன்று கொழுப்பு, மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

## கட்டியே ஒரு கொழுப்புக் கிடங்கு

சிறுநீரகப் புற்றுநோயில் கொழுப்புக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இதில் அதிகம் பேருக்கு வருவது கிளியர் செல் வகை, பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்களில் நாலில் மூன்று போல இதுதான். கிளியர் என்றால் தெளிந்தது, வெறுமையானது. நுண்ணோக்கியில் இந்தச் செல்கள் உள்ளே ஒன்றுமில்லாத வெற்று அறைகளாகத் தெரியும். உண்மையில் அவை வெற்று அல்ல. செல் முழுக்கக் கொழுப்பும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையும்தான், பரிசோதனைக்காகத் தயார் செய்யும்போது ரசாயனத்தில் அவை கரைந்துபோய் வெறும் கூடுதான் மிஞ்சுகிறது. பேர் வைத்தவர்கள் பார்த்தது காலி செய்த வீட்டை.

இந்த வகைக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் விஎச்எல் என்ற மரபணு பழுதாகியிருக்கும். ஆக்சிஜன் போதுமா இல்லையா என்று செல் கணக்குப் பார்க்கும் அமைப்பில் அது ஒரு முக்கியப் பல்சக்கரம். அது உடைந்ததும் ஆக்சிஜன் இருக்கும்போதே "மூச்சு முட்டுகிறது" என்று செல் கூப்பாடு போடும், புது ரத்தக்குழாய்களை வரவழைக்கும், சர்க்கரையை வேகமாக எரிக்கும், கொழுப்பைச் சேர்த்துவைக்கும். ஆக, உடம்பு கொழுப்பை எப்படிக் கையாள்கிறது என்பது இந்தக் கட்டிக்குச் சாப்பாட்டு விஷயம்.

## பருமனாக இருந்தால் நல்லதா? முரண் எங்கே

பருமன் முரண் என்று இதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது: நோயை வரவழைக்கிற அதே பருமன், வந்தபின் காப்பாற்றுவது போலத் தெரிவது. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், உடம்பில் பரவிவிட்ட சிறுநீரகப் புற்றுநோய் உள்ள 1,975 பேரைப் பார்த்தார்கள். பிஎம்ஐ அதிகம் உள்ளவர்களில் பாதிப் பேர் 25.6 மாதத்தைத் தாண்டி வாழ்ந்தார்கள், குறைவானவர்களில் அந்தக் கணக்கு 17.1 மாதம். எட்டு மாதத்துக்கு மேல் வித்தியாசம், சின்னதில்லை. ஆனால் அந்த ஆய்வில் "அதிகம்" என்றால் பிஎம்ஐ 25க்கு மேல் என்று மட்டும்தான் அர்த்தம். நாம் மனதில் நினைக்கிற ரொம்பப் பருமனான ஆள் மட்டுமல்ல, லேசாகப் பூசினாற்போல இருப்பவரும் அதற்குள் வந்துவிடுவார். செய்தித் தலைப்பில் இது வராது.

ஏன் இப்படி? முதலாவதாக, மிகச் சாதாரணமான ஒரு விளக்கம். புற்றுநோய் முற்றினால் உடல் இளைக்கும். ஆகவே எடை குறைவானவர்கள் கூட்டத்தில், ஒரு வருடம் முன்பு நன்றாக இருந்து நோயால் இளைத்து வந்தவர்களும் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் சீக்கிரம் இறந்தால் கணக்கில் "ஒல்லியானவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள்" என்றுதான் விழும். ஒல்லியானது காரணமல்ல, நோயின் அடையாளம். என் பார்வையில் இந்த முரணின் கணிசமான பகுதி இங்கேதான் கரைகிறது, ஆனால் முழுவதும் கரைவதில்லை.

இரண்டாவது, கட்டியின் குணமே மாறுவது. பருமனானவர்களின் கட்டிகளில், கொழுப்பைச் சொந்தமாகத் தயாரிக்கும் ஒரு நொதியின் அளவு குறைவாக இருந்ததை 2013, 2016 ஆய்வுகள் காட்டின. அந்த நொதி அதிகமுள்ள கட்டிகள் மூர்க்கமானவை. கடையில் எல்லாம் கிடைக்கிற ஊரில் வளர்ந்தவனுக்குச் சமைக்கத் தெரியாது என்கிற மாதிரி, கொழுப்பு நிறைந்த உடம்பில் வளர்ந்த கட்டி சோம்பேறியாக இருக்கிறதோ என்று ஓர் ஊகம் உண்டு. ஊகம்தான்.

மூன்றாவது மருந்து சம்பந்தப்பட்டது. 2020இல் வந்த ஓர் ஆய்வில், பருமனானவர்களின் கட்டிகளில் ரத்தக்குழாய் வளர்ச்சிக்கான அறிகுறிகள் அதிகமாகவும் கட்டியை ஒட்டிய கொழுப்பில் அழற்சி அதிகமாகவும் இருந்தன. சிறுநீரகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சுனிடினிப் போன்ற மாத்திரைகள் குறிவைப்பதே அந்த ரத்தக்குழாய் வளர்ச்சியைத்தான். இம்யூனோதெரபியிலும், அதாவது உடம்பின் நோயெதிர்ப்புச் செல்களையே கட்டியின் மேல் ஏவிவிடும் மருந்திலும், ஒரு விசித்திரம்: லெப்டின் அதிகமுள்ள உடம்பில் நோயெதிர்ப்புச் செல்கள் சோர்ந்து, பிடி-1 என்ற பிரேக்கை அழுத்திக்கொண்டு நிற்கின்றன. அது கட்டிக்குச் சாதகம். ஆனால் அந்தப் பிரேக்கை எடுத்துவிடுவதுதான் அந்த மருந்தின் வேலை, அதனால் பிரேக் அழுத்தியிருந்த உடம்பில் மருந்துக்குச் செய்ய வேலை நிறைய இருக்கிறது. எலிகளிலும் சில மனிதக் குழுக்களிலும் 2019இல் இதைக் காட்டினார்கள்.

சுருக்கமாக, முரண் என்பது ஒரே காரணத்தால் வந்ததல்ல. கொஞ்சம் கணக்குப் பிழை, கொஞ்சம் கட்டியின் குணம், கொஞ்சம் மருந்து. இதில் எங்கேயும் "கொழுப்பு நல்லது" என்று யாரும் நிரூபிக்கவில்லை.

## தொப்பையைத் தனியாக அளந்தால்

அப்புறம்தான் ஆராய்ச்சிக்காரர்கள் பிஎம்ஐயை ஓரமாக வைத்துவிட்டு ஸ்கேனைத் திறந்தார்கள். திறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை, முதலில் இன்னும் குழம்பியது. 2011இல், ஒரே மருத்துவ இதழில், இரண்டு குழுக்கள். இரண்டும் பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு ரத்தக்குழாய்த் தடுப்பு மருந்து எடுத்தவர்களைப் பார்த்தவை. உள்ளுறுப்புக் கொழுப்பு அதிகமிருந்தால் விளைவு மோசம் என்றது ஒன்று. உள்ளுறுப்பு, தோலடி இரண்டுமே குறைவாக இருந்தால்தான் மோசம் என்றது மற்றொன்று. இரண்டிலும் நோயாளிகள் நூற்றுச் சொச்சம் பேர்தான், சின்னக் குழுவில் நாலு பேர் மாறினாலும் முடிவு ஆடும்.

2018இல் வந்த ஆய்வு எனக்கு எல்லாவற்றையும்விட சுவாரசியமாகப் பட்டது, ஏனென்றால் யாரும் பெரிதாகக் கேட்காத ஒன்றை அது கேட்டது: ஆணுக்கும் பெண்ணுக்கும் இது ஒன்றுதானா? இருநூற்றுச் சொச்சம் நோயாளிகளின் ஸ்கேன்களில், வயிற்றுக் கொழுப்பில் எவ்வளவு பங்கு உள்ளே, எவ்வளவு தோலடியில் என்று விகிதம் பார்த்தார்கள். பெண்களில் உள்பங்கு அதிகமிருந்தவர்களில் பாதிப் பேர் நோய் தெரிந்து மூன்றரை ஆண்டுக்குள் இறந்திருந்தார்கள். உள்பங்கு குறைவாக இருந்த பெண்களில் பாதிக்கு மேல் பத்து ஆண்டு கழித்தும் உயிரோடிருந்தார்கள். ஆண்களில் இந்த வித்தியாசமே தெரியவில்லை.

ஆண்களுக்கு இயல்பாகவே கொழுப்பு வயிற்றுக்குள் சேரும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை இடுப்பிலும் தொடையிலும் சேரும், பிறகு அது மெல்ல உள்ளே இடம் மாறும். ஆகவே பெண்ணின் உடம்பில் உள்பங்கு அதிகம் என்பதற்கு அர்த்தமே வேறாக இருக்கலாம். அந்தக் குழு கட்டிகளின் மரபணுத் தகவலையும் சேர்த்துப் பார்த்தது. சர்க்கரையை வேகமாக எரிக்கும் கட்டியும் உள்கொழுப்பும் ஒரே பெண்ணிடம் சேர்ந்தபோது நிலைமை இன்னும் மோசம். இதிலும் பெண்களின் எண்ணிக்கை நூற்றுக்குக் கீழேதான், அதனால் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஆண் பெண் இருவரையும் ஒரே கூடையில் போட்டு சராசரி எடுத்த பழைய ஆய்வுகள் ஏன் ஒன்றோடு ஒன்று மோதின என்பதற்கு இது ஒரு நல்ல துப்பு.

## தசையை மறந்துவிட்டோம்

கொழுப்பைப் பற்றியே பேசுவதில் ஒரு சிக்கல், பக்கத்தில் இருக்கும் தசை கண்ணில் படாமல் போகும். அதே ஸ்கேன் படத்தில் தசையின் பரப்பையும் அளக்கலாம். தசை வெகுவாகக் குறைந்த நிலைக்கு சார்கோபீனியா என்று பெயர். சிறுநீரகத்தை எடுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்த நிலையில் இருந்தவர்களின் ஆயுள் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தசைக்குள்ளேயே கொழுப்பு ஊடுருவிய நிலையும் நல்லதல்ல. ஏமாற்றும் விஷயம், எடை மாறாமலே தசை போய்க் கொழுப்பு வரலாம், எடைக் கருவியில் முள் அசையாது.

மருந்திலும் இது விளையாடும். சிறுநீரகப் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் போன்ற மாத்திரைகள் எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே அளவில்தான் ஆரம்பிக்கப்படுகின்றன. 2010இல் வந்த ஓர் ஆய்வில், எடையும் குறைந்து தசையும் குறைந்திருந்தவர்களுக்குத்தான் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டிய அளவு பக்கவிளைவுகள் அதிகம் வந்தன. அப்படியானால் பிஎம்ஐ அதிகமானவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள் என்ற கணக்கில், நிஜமாக உதவியது கொழுப்பா அல்லது அதோடு கூட வந்த தசையா? எடையை மட்டும் அளந்த ஆய்வால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

எனவே நோய் இல்லாத ஒருவர் இந்த முரணைக் காட்டி எடையைக் குறைக்காமல் இருப்பதில் நியாயம் இல்லை, ஆபத்துக் கணக்கு அவருக்கு அப்படியேதான் இருக்கிறது. சிகிச்சையில் இருப்பவர் கதை வேறு. பயத்தில் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். முயற்சி செய்யாமலே எடை இறங்கினாலோ, அதைத் தன் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும்.

## சிறுநீரகத்தைச் சுற்றிய மெத்தை

கடைசியாக அந்த அடுத்த வீட்டுக்காரர். கட்டி சின்னதாக இருந்தால் முழுச் சிறுநீரகத்தையும் எடுக்காமல் கட்டியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். அதற்கு முதலில் சுற்றியிருக்கும் கொழுப்பைப் பிரித்து விலக்க வேண்டும். சிலருக்கு அது ஆரஞ்சுத் தோல் மாதிரி சுலபமாக உரிந்துவிடும், சிலருக்கு அழற்சியால் பசை போட்டாற்போல ஒட்டிக்கொண்டு நிற்கும், பிரிக்கவே மணிக்கணக்கு ஆகும், ரத்தமும் போகும். யாருக்கு ஒட்டியிருக்கும் என்று ஸ்கேனைப் பார்த்தே ஊகிக்க 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் முறைகூட வைத்திருக்கிறார்கள். கொழுப்பின் தடிமனையும், அதற்குள் மேகக் கீற்றுபோல இழைகள் தெரிகின்றனவா என்பதையும் வைத்து அதைப் போடுவார்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்கள் அதிகம் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். "கட்டி சிறுநீரகச் சூழ் கொழுப்புக்குள் ஊடுருவியுள்ளது, டி3ஏ" (கட்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கான குறியீடு) என்று எழுதியிருந்தால், "நான் பருமனாக இருந்ததால் வந்த வினை" என்று சிலர் படித்துக்கொள்கிறார்கள். அந்த வரிக்கும் உடல் எடைக்கும் சம்பந்தமே கிடையாது. கட்டி சிறுநீரகத்தின் எல்லையைத் தாண்டிப் பக்கத்து மெத்தைக்குள் கால் வைத்துவிட்டது, ஆனால் ஜெரோட்டா உறையைத் தாண்டவில்லை என்பதுதான் அதன் பொருள். அந்த மெத்தை எலும்பும் தோலுமாக இருக்கிறவருக்கும் இருக்கிறது, அவருடைய ரிப்போர்ட்டிலும் இதே வரி வரலாம்.